வீட்டில் செய்யும் வாசனைக் குளியல் உருண்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி ஐந்து வருடம் ஆகிறது. வருகிறவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. இரவு பத்து மணிக்குப் போன் செய்து, "அக்கா, உருண்டை வீங்குகிறது" என்று பதறுகிறவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். அவரவர் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். போன் செய்வதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அக்கா, பாத் பாம் என்கிறீர்களே, வெடிக்குமா?

வெடிக்காது. தண்ணீரில் போட்டால் சீறும், நுரைக்கும், கரையும், மணக்கும். ஈனோ பொட்டலத்தை டம்ளரில் கொட்டினால் என்ன நடக்கிறதோ அதேதான். சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் உலர்ந்து இருக்கும்வரை ஒன்றோடொன்று சண்டை போடாது. ஈரம் பட்டதும் இரண்டும் வினைபுரிந்து கரியமில வாயுவைக் கக்கும்.

1989-இல் இங்கிலாந்தில் மோ கான்ஸ்டன்டைன் என்ற பெண்மணி இதை உருவாக்கினார். ஆல்கா-செல்ட்சர் மாத்திரை தண்ணீரில் நுரைப்பதைப் பார்த்துப் பிறந்த யோசனை அது. பின்னாளில் லஷ் என்ற அழகுப்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 'பாம்' என்ற பெயர் எனக்குப் பிடிக்காது. குளியல் உருண்டை என்றே சொல்கிறேன். பெயரால் வரும் வம்பு ஒன்று உண்டு, அதைத் துபாய்க் கேள்வியில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் குளியல் தொட்டியே இல்லை. வாளியும் மக்கும்தான். பிறகு எதற்கு இது?

என் வீட்டிலும் தொட்டி இல்லை. தொட்டிக்கு ஆரஞ்சுப்பழ அளவு உருண்டை வேண்டும். வாளிக்குப் பெரிய நெல்லிக்காய் அளவு, அதாவது 20 முதல் 25 கிராம் போதும். சோப்புப் போட்டுக் குளித்து முடித்த பிறகு, தனியாக ஒரு வாளித் தண்ணீரில் உருண்டையைப் போட்டு, முழுக்கக் கரைந்ததும் கையால் ஒரு கலக்குக் கலக்கி, மேலுக்கு ஊற்றிக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னால், நம் ஊரில் இதற்கு வாளியைவிடப் பொருத்தமான இடம் கால் கழுவும் பேசன்தான். துணிக்கடையில் நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கும் என் மைனி (அண்ணி), வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் உருண்டையைப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் யாரோடும் பேசமாட்டார். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே மாதம் பத்து உருண்டை என்னிடம் வாங்கிப்போகிறார்.

என்னென்ன வேண்டும்? அளவைச் சரியாகச் சொல்லுங்கள்.

சமையல் சோடா 200 கிராம், சிட்ரிக் அமிலம் 100 கிராம், சோள மாவு (கார்ன் ஃப்ளோர்) 50 கிராம், எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) 50 கிராம், எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, வாசனை எண்ணெய் 2 மில்லி. சோடா இரண்டு பங்கு, அமிலம் ஒரு பங்கு என்பதை மட்டும் மனதில் வைத்தால் போதும். மற்றதெல்லாம் கூடக்குறைய இருக்கலாம். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். சிட்ரிக் அமிலம் ஒரு கடையில் சீனி போலவும் இன்னொரு கடையில் மாவு போலவும் வரும், கரண்டிக்குக் கரண்டி எடை மாறும்.

சீனி போல இருந்தால் மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம். ஜாரில் ஈரம் துளியும் இருக்கக்கூடாது. மூடியை உடனே திறக்காதீர்கள், அந்தப் பொடி மூக்கில் ஏறினால் இருமித் தீர வேண்டியதுதான். முகக்கவசம் போட்டுக்கொண்டு, பொடி அடங்கிய பிறகு திறங்கள். பிறகு எல்லாப் பொடிகளையும் அரிப்பில் இரண்டு முறை அரித்து, கண்ணாடி அல்லது ஸ்டீல் பாத்திரத்தில் கலக்குங்கள். பித்தளை உருளியும் இரும்புச் சட்டியும் வேண்டாம், அமிலம் அவற்றைத் தின்னும்.

ஆப்பச்சோடா, பேக்கிங் பவுடர், வாஷிங் சோடா எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. ஆப்பச்சோடாவும் சமையல் சோடாவும் ஒன்று, நமக்கு வேண்டியது அதுதான். பேக்கிங் பவுடரில் சோடாவோடு அமிலமும் மாவும் ஏற்கெனவே கலந்திருக்கும், அதை வைத்துச் செய்தால் கணக்குத் தப்பும். வாஷிங் சோடா முற்றிலும் வேறு பொருள். அப்பளக்காரமும் அதன் உறவுதான். காரம் மிகுந்தவை, தோலை எரிக்கும். பலசரக்குக் கடையில் வெறுமனே "சோடா" என்று கேட்டு, கட்டிக் கொடுத்ததை வாங்கி வராதீர்கள். ஆப்பத்துக்குப் போடுவது என்று வாய்விட்டுச் சொல்லி வாங்குங்கள்.

சிட்ரிக் அமிலம் கிடைக்கவில்லை. எலுமிச்சைச் சாறு விடலாமா? குடம்புளி?

இரண்டும் புளிப்புத்தான், ஆனால் இரண்டிலும் நீர் இருக்கிறது. சாற்றை விட்ட நிமிடமே பாத்திரத்தில் பொங்கி முடிந்துவிடும், உருண்டை பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கேக் செய்யும் பொருள்கள் விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள்.

எவ்வளவு தண்ணீர் விட்டுப் பிசைய வேண்டும்?

எல்லோரும் கெடுப்பது இந்த இடத்தில்தான். விடவும் கூடாது, பிசையவும் கூடாது. புட்டுக்கு மாவு நனைக்கத் தெரியுமா? அப்படியானால் உங்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். கையில் அள்ளிப் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், பெருவிரலால் அமுக்கினால் உதிர்ந்துவிட வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் ஈர மணல் பதம் என்பார்கள். நமக்கு மணலுக்குப் போக வேண்டிய வேலை இல்லை.

புட்டோடு ஒரே ஒரு வித்தியாசம். மாவுக்குத் தண்ணீர் தெளிப்போம், இதற்குத் தண்ணீர் ஆகாது. முதலில் எண்ணெயையும் வாசனையையும் கலந்து, சொட்டுச் சொட்டாக விட்டு, விரல் நுனியால் தேய்த்துக் கட்டி உடைத்துக்கொண்டே வாருங்கள். அதன் பிறகும் பிடி நிற்கவில்லை என்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தெளிப்பான் குப்பியில் ஊற்றி, ஒரு தெளிப்பு, ஒரு கலக்கல், மறுபடி ஒரு தெளிப்பு என்று போங்கள். அது பிடிமானம் கொடுத்துவிட்டு ஆவியாகிப் போய்விடும். எளிதில் தீப்பற்றும், அடுப்பு எரியும் சமையலறையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பன்னீர் தெளிக்கலாமா என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். பன்னீரும் தண்ணீர்தான்.

கலக்கும்போது "சிர்ர்" என்று மெல்லிய சத்தம் கேட்டால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள். உடனே தெளிப்பதை நிறுத்திவிட்டு, வேகமாகக் கிளறுங்கள். வியர்க்கும் கை உள்ளவர்கள் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மீனம் மேடம் (பங்குனி, சித்திரை) மாதங்களில் என் கை வியர்வையே ஒரு பாத்திரத்தைக் கெடுத்திருக்கிறது.

அச்சு ஆன்லைனில் விலையாகச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

சிரட்டை இருக்கிறதே! சிரட்டைப் புட்டு அவிக்க வைத்திருக்கும் வழவழப்பான சிரட்டை அருமையான அச்சு. உள்ளே எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அமுக்கி, விளிம்போடு வழித்து, தட்டில் கவிழ்த்து முதுகில் கரண்டிக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டினால் அரை உருண்டை விழும். கண் உள்ள பாதிச் சிரட்டை என்றால் அந்தக் கண் வழியே குச்சியால் தள்ளியும் விடலாம். அரை உருண்டையாகவே இருக்கட்டும், முழு உருண்டையானால்தான் சீறும் என்று ஒன்றும் இல்லை. பெரிய சிரட்டையை முழுக்க நிரப்பினால் தொட்டிக்குத்தான் உதவும். வாளிக்கு வேண்டிய சின்ன அளவுக்குக் கொழுக்கட்டை அச்சு போதும். அச்சிலேயே காயவிடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும்.

கெட்டியான தேங்காய் எண்ணெய் என்று வீடியோவில் சொல்கிறார்கள். நம் எண்ணெய் கெட்டியாவதே இல்லையே?

தேங்காய் எண்ணெய் உறைவது ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே. குளிர்நாட்டில் அது அலமாரியிலேயே வெண்ணெய் போல உட்கார்ந்திருக்கும், உருண்டையையும் இறுக்கிப் பிடிக்கும். நம் ஊரில் மார்கழி விடியலைத் தவிர அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் அவர்கள் சொல்லும் அளவில் எண்ணெய் விட்டால் நம் உருண்டை குழைந்து உதிரும். மேலே சொன்ன இரண்டு தேக்கரண்டியில் ஒன்றைக் கோகோ வெண்ணெயாக மாற்றிப் பாருங்கள். அது 34 டிகிரிக்கு மேல்தான் உருகும். கிடைக்காவிட்டால் தேங்காய் எண்ணெயை ஒன்றரைத் தேக்கரண்டியாகக் குறைத்துவிடுங்கள்.

நன்றாகத்தான் பிடித்தேன். காலையில் பார்த்தால் வீங்கி, மேலே பரு பருவாக இருக்கிறது. ஏன்?

என் முதல் முயற்சியும் இதுதான். ஆனி மாதம், வெளியே விடாத மழை. பதினாறு உருண்டைகளைச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் அவை ஒன்றோடொன்று ஒட்டி, தட்டை விட்டு வழிந்து கிடந்தன. என் மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, "ஆப்பத்துக்குச் சரியாகப் புளித்திருக்கிறது" என்றார்.

காரணம் இது. சோடாவும் சிட்ரிக் அமிலமும் வினைபுரியும்போது வாயு மட்டுமல்ல, தண்ணீரும் பிறக்கிறது. 100 கிராம் அமிலம் முழுவதும் வினைபுரிந்தால் ஏறத்தாழ 28 கிராம் தண்ணீர் வரும். அதாவது காற்றிலிருந்து ஒரு துளி ஈரம் உள்ளே போனால், அந்தத் துளி தூண்டிய வினையிலிருந்து மேலும் துளிகள், அவற்றால் மேலும் வினை. தொடங்கிவிட்டால் தானாக நிற்காது. வாயுவோ, நம் அளவில் செய்த கலவை முழுவதும் சீறினால், ஏறத்தாழ 38 லிட்டர், இரண்டு வாளி கொள்ளும். வெளியேற வழி தேடி அது தள்ளுகிற இடங்கள்தான் அந்தப் பருக்கள்.

வீங்கத் தொடங்கிய உருண்டையை மீட்க முடியாது. ஆரம்ப நிலையில் என்றால் உதிர்த்து, பொடியாகவே காயவைத்து, ஒரு கரண்டி இரண்டு கரண்டியாக வாளியில் போட்டு அன்றைக்கோ மறுநாளோ தீர்த்துவிடலாம்.

அப்படியானால் எந்த மாதத்தில் செய்வது? நமக்குத்தான் இரண்டு மழையும் உண்டே?

தை, மாசி நல்ல மாதங்கள். பங்குனியும் பரவாயில்லை. இடவப்பாதியில் (வைகாசி நடுவில்) தொடங்கும் மழையிலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் செய்யவே கூடாது என்பதில்லை, ஆனால் கைப்பழக்கம் இல்லாதவர்கள் அப்போது தொடங்கவேண்டாம். நாளில் என்றால் முற்பகல் பதினொன்று முதல் மூன்று மணி வரை. வெப்பம் ஏற ஏறக் காற்றின் ஈரப்பதம் தாழ்ந்திருக்கும் நேரம் அது. சாயங்காலம் குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்காற்று வீசினால் உடம்புக்குச் சுகம், உருண்டைக்குக் கேடு.

மழைக்காலத்தில் செய்தே ஆக வேண்டும் என்றால் எப்சம் உப்பை விட்டுவிடுங்கள். அந்த உப்பின் எடையில் பாதி, தனக்குள்ளே கட்டிவைத்திருக்கும் நீர்தான். அதற்குப் பதில் சோள மாவை 100 கிராமாக்குங்கள். ஏசி அறை உள்ள வீடென்றால் அங்கே வைத்துச் செய்து அங்கேயே உலரவிடுங்கள்.

வெயிலில் காயவைத்தால் சீக்கிரம் ஆகுமே?

வற்றல் இல்லை இது. வெயில் பட்டால் வாசனை பறந்துவிடும், எண்ணெய் உருகி உருண்டை உட்காரும். மின்விசிறி இல்லாத மூடிய அறையில், கனத்த துணியின் மேல் 24 மணி நேரம், ஈரமான நாள்களில் 48 மணி நேரம் வையுங்கள். நகத்தால் கீறினால் பொடி உதிர வேண்டும், பள்ளம் விழக்கூடாது.

அதன் பிறகு ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி, ஸ்டீல் டப்பாவில், மருந்துக் குப்பிகளில் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், அவற்றில் நான்கைந்தைச் சேகரித்துப் போட்டு மூடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள் ஒருத்தி. ஈரத்தை அரிசி பெரிதாக இழுக்கவில்லை, வீட்டில் மூன்று நாள் சோறு லாவெண்டர் மணத்தது. அரைகுறையாகக் காய்ந்ததைத் திருகு மூடிக் கண்ணாடிக் குப்பியில் அடைப்பது மட்டும் கூடவே கூடாது. உள்ளே வாயு சேர்ந்து குப்பி உடையும். முதல் கேள்விக்கு வெடிக்காது என்றேன் அல்லவா, இந்த ஓர் இடத்தில் அந்தப் பதில் செல்லாது.

தோவாளைச் சந்தை பக்கத்தில் இருக்கிறது. பிச்சிப்பூவை நேரடியாகப் போட்டால் மணக்காதா?

ஆசை எனக்கும் இருந்தது. விடியற்காலைச் சந்தையிலிருந்து வந்த பிச்சியை ஒரு கைப்பிடி கலந்தேன். பூவில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். முன்பு சொன்ன சங்கிலி தொடங்கிவிட்டது, பூவும் மறுநாள் தேயிலை போலக் கறுத்தது. உலர்த்திய இதழை அழகுக்காக மேலே ஒட்டலாம். ஆனால் அதுவும் பழுப்பாகும், குளியலறைக் குழாயையும் அடைக்கும்.

பிச்சி, மல்லி வகைப் பூக்களிலிருந்து சாதாரணமாக ஆவியில் வடித்து எண்ணெய் எடுப்பதில்லை, வெப்பத்தில் அந்த மணம் கெட்டுவிடும். கரைப்பான் ஊற்றித்தான் பிரிக்கிறார்கள். ஆகவே அசல் மல்லிகைச் சாறு தங்க விலை. கடையில் மலிவாகக் கிடைக்கும் "மல்லிகை எண்ணெய்" செயற்கைக் கலவைதான். அதில் தவறில்லை, சோப்புக்கும் தோலுக்கும் உரியது என்று குப்பியில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஊதுபத்திக்கு விற்கும் வாசனைத் திரவியம் வேண்டாம். வெண்ணிலா வாசனை சேர்த்தால் வெள்ளை உருண்டை சில வாரங்களில் பழுப்பேறும். கெட்டுவிட்டதோ என்று பயப்படாதீர்கள், அது வெண்ணிலாவின் இயல்பு.

நம் மலைக் கிராம்பு பேர் பெற்றது. கிராம்பு எண்ணெய் தாராளமாக விடலாமா?

மாறாமலை, கரும்பாறைப் பக்கம் விளையும் கன்னியாகுமரி கிராம்பு 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெருமைதான், ஆனால் தாராளம் வேண்டாம். கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால் என்ற வேதிப்பொருள். பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைத்தால் ஈறு எரிகிறதே, அது இதனால்தான். அந்த எண்ணெய் தண்ணீரில் கரையாது, நேராகத் தோலில் ஒட்டும். நான் நம் அளவுக்கு, அதாவது நானூறு கிராம் கலவைக்கு, நான்கு சொட்டுக்கு மேல் விடுவதில்லை. மீதி வாசனையை ஆரஞ்சு எண்ணெயால் நிரப்புகிறேன். கிராம்பும் ஆரஞ்சும் சேர்ந்தால் கிறிஸ்துமஸ் கேக் வேகும் வீடு போல மணக்கும். டிசம்பரில் என்னிடம் அதிகம் கேட்பது அந்த வாசனையைத்தான்.

லவங்கப்பட்டை எண்ணெயைத் தொடாதீர்கள், அது இன்னும் எரிக்கும். எலுமிச்சைப்புல் எண்ணெயிலும் கை அடக்கம் வேண்டும். எதுவானாலும், செய்த ஓர் உருண்டையின் பொடியை நனைத்து முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். கிராம்பு எண்ணெயைச் சாதாரணப் பிளாஸ்டிக் டப்பியில் வைக்காதீர்கள், சில பிளாஸ்டிக்கை அது உருக்கிவிடும்.

நிறத்துக்கு மஞ்சள்தூள் போடலாமா? இயற்கைதானே?

ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகிறது? சோடாவிலும் காரம் உண்டு. சுண்ணாம்பு அளவுக்கு இல்லாவிட்டாலும், ஈரம் பட்ட இடமெல்லாம் மஞ்சள் திட்டுத் திட்டாகக் காவி நிறத்துக்குப் போகும். துண்டிலும் வாளியிலும் கறை பிடிக்கும். செம்பருத்திப் பொடி போட்டவர்களும் சிவப்பை எதிர்பார்த்து அழுக்கு நீலத்தைப் பார்த்தார்கள். நான் வெள்ளையாகவே விட்டுவிடுகிறேன். நிறம் வேண்டும் என்றால் அழகுப்பொருளுக்கான மைக்கா பொடி ஒரு சிட்டிகை. பளபளக்கும் ஜிகினாத்தூள் வேண்டாம், அது பிளாஸ்டிக்.

எப்சம் உப்புக்குப் பதில் உப்பளத்துக் கல்லுப்பு?

புத்தளத்திலும் சாமித்தோப்பிலும் உப்பளம் கண்முன்னே இருப்பதால் வரும் கேள்வி. மழைக்காலத்தில் அடுக்களை உப்புப் பானை கசிந்து ஒழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். சுத்திகரிக்காத கடலுப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றிலிருந்து நீரை இழுக்கும். அதை உருண்டைக்குள் வைப்பது திருடனுக்குச் சாவி கொடுப்பது போல. உப்பு வேண்டும் என்றால் குளிக்கும்போது தனியாக வாளியில் போட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குப் போடலாமா?

கைக்குழந்தைக்கு வேண்டாம். மூன்று நான்கு வயதுக்கு மேல் என்றால், வாசனையே இல்லாமல், எப்போதாவது ஒரு முறை. பெண் குழந்தைகளைப் பேசனில் உட்காரவைத்து ஊறவிட வேண்டாம். அந்தரங்கத் தோல் எரிந்து, சிறுநீர் கழிக்கும்போது அழுவார்கள். அதைவிடப் பெரிய கவலை வேறு. இது பார்ப்பதற்குத் தேங்காய் லட்டு போலவே இருக்கிறது. என் அக்காள் பேரன் ஒரு கடி கடித்து, வாயெல்லாம் நுரையோடு ஓடி வந்தான். துப்பவைத்து, வாயைக் கொப்பளிக்கவைத்ததோடு முடிந்தது. பலகார டப்பாவில் வைத்தது என் தவறு. பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், பெயர் எழுதி வையுங்கள்.

பெரியவர்கள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது வழுக்கல். எண்ணெய் தரையில் படரும். வயதானவர்கள் குளிக்கும் அறையில் அன்றைக்கே தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

முந்திரி ஆலையில் வேலை. விரலெல்லாம் தோல் உரிந்திருக்கிறது. நான் செய்யலாமா?

ஆறும்வரை செய்யவும் வேண்டாம், அந்தத் தண்ணீரில் கை வைக்கவும் வேண்டாம். முந்திரித் தோட்டின் எண்ணெய் பொசுக்கிய விரலில் சிட்ரிக் அமிலம் பட்டால் புண்ணில் எலுமிச்சை பிழிந்தது போலத்தான். வெடிப்பு, சொறி, கரப்பான் உள்ளவர்களுக்கும் இதே பதில். ஆறிய பிறகு வாருங்கள், முழங்கை வரை கையுறை தருகிறேன்.

எங்கள் கிணறு உப்புத் தண்ணீர். சோப்பே நுரைக்காது. இது நுரைக்குமா?

சீறும். சோப்பு நுரைக்காததற்குக் காரணம் கடினநீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுபிசுவென்று படிவது. நம் உருண்டையில் சோப்பு இல்லை. ஆனால் சீறல் அடங்கியதும் நுரையும் அடங்கிவிடும். வீடியோவில் காட்டுகிற மேகம் போன்ற நுரைக்கு அவர்கள் வேறு பொடி சேர்க்கிறார்கள். பச்சைத் தண்ணீரிலும் கரையும், கொஞ்சம் மெதுவாக.

குளித்த தண்ணீர் வாழைமூட்டுக்குத்தான் போகிறது. வாழை பட்டுப்போகுமா?

வாரத்துக்கு ஒன்று என்றால் ஒன்றும் ஆகாது. தினமும் என்றால் சோடாவில் உள்ள சோடியம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், மண் இறுகும், வாழைக்கு ஆகாது. அன்றைய தண்ணீரை மட்டும் சாக்கடைக்குத் திருப்பிவிடுங்கள். இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: குளத்துக்கும் திற்பரப்பு அருவிக்கும் இதை எடுத்துப்போய்ப் படம் பிடிக்க வேண்டாம். கீழே அந்தத் தண்ணீரை மற்றவர்கள் புழங்குகிறார்கள்.

குழுவாகச் செய்து விற்கலாமா? ஊறுகாய்க்கு உணவுச் சான்றிதழ் வைத்திருக்கிறோம்.

அந்தச் சான்றிதழ் இதற்கு உதவாது. இது உணவு அல்ல, அழகுப்பொருள். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டத்தின் கீழ் வந்த 2020-ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி, விற்பனைக்குத் தயாரிக்க மாநில உரிமம் வேண்டும். உறையில் சேர்மானம், தயாரித்தவர் முகவரி, தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய காலம் எல்லாம் இருக்க வேண்டும். "மூட்டுவலி போக்கும்" என்று ஒரு வரி சேர்த்தால் மருந்து என்ற கணக்கில் வேறு தலைவலி. என்னிடம் உரிமம் இல்லை. என் மைனியிடமிருந்துகூடப் பணம் வாங்குவதில்லை, பலாக்காலத்தில் ஒரு சக்கைப்பழம் வரும்.

துபாயில் இருக்கும் மகளுக்குக் கொடுத்தனுப்பலாமா?

அங்கே அவள் குடியிருப்பில் தொட்டி இருக்கும், அவளுக்குத்தான் இது முழுமையாகப் பயன்படும். ஆனால் பெட்டியில் "பாம்" என்று எழுதி ஒட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ், திருவனந்தபுரம் விமான நிலையத்தில் தன் பைக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த ஆங்கிலப் பெயரைச் சொல்லிவிட்டு, பத்து நிமிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றாள். குளியல் உப்பு என்று எழுதுங்கள், சேர்மானத்தையும் எழுதுங்கள், கைப்பையில் வேண்டாம், சரக்குப் பெட்டியில் வையுங்கள். எப்படிச் சுற்றுவது என்பது காயவைக்கும் கேள்வியில் இருக்கிறது.

போன வருடம் செய்தது இப்போது சீறவே இல்லை. எறிந்துவிடவா?

மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். டப்பாவுக்குள்ளேயே சத்தமில்லாமல் வினை முடிந்திருக்கும். மிஞ்சியது சோடியம் சிட்ரேட்டும் கொஞ்சம் சோடாவும், பாதி வாசனையும். குளிக்கப் போட்டாலும் தீங்கில்லை, ஆனால் வேடிக்கை இருக்காது. நான் அவற்றை உடைத்துக் கழிப்பறைக் கோப்பையில் போட்டுத் தேய்த்துவிடுகிறேன். அந்த ஆனி மாதத்துப் பதினாறு உருண்டைகளும் அங்கேதான் போயின. ஆடி முடியும்வரை எங்கள் வீட்டிலேயே அதிகம் மணத்த அறை அதுதான்.